அனாமத்துக் கணக்கு

செய்தித்தாளில் என் படம் வந்தது ஒரே ஒரு முறை. 2021 செப்டம்பர் 2ஆம் தேதி, மாவட்டச் செய்திப் பக்கத்தின் கீழ்மூலையில். கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் ரோஜாவும் கல்கண்டும். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் சிரிக்கிறது. எதிரே ஒரு மாணவி கை நீட்டி நிற்கிறாள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு சங்கரன்கோவிலில் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளுக்கு வரவேற்பு என்று இரண்டு வரி. என் மனைவி அதைக் கத்தரித்து பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டாள். தினமும் சட்டை எடுக்கும்போது அந்த ஆளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கிழித்துவிடு என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதற்கான பதில்தான் இது. அவளிடம் வாயால் சொல்ல வரவில்லை.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்துகிறவன். இருபது வருஷத்துக்கு மேல் பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன். எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை. தவறு என் கையால் நடந்தது.

அந்த வகுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது அவர்கள் ஒன்பதாம் வகுப்பு. முழுஆண்டுத் தேர்வு நடக்கவில்லை, எல்லாரும் தேர்ச்சி. பத்தாம் வகுப்புக்கு 2021 ஜனவரி 19ஆம் தேதி பள்ளி திறந்தார்கள். வாசலில் வெப்பமானி, கையில் வைட்டமின் மாத்திரை என்று இரண்டு மாதம் போனது. மார்ச் 22 முதல் மறுபடியும் பூட்டு. பொதுத்தேர்வு கிடையாது, மறுபடியும் எல்லாரும் தேர்ச்சி. மதிப்பெண் சான்றிதழில் எண்ணே இல்லை, 'தேர்ச்சி' என்ற சொல் மட்டும். அந்தச் சொல்லோடு ஜூனில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள். வணிகவியல் பிரிவில் என்னிடம் வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். செப்டம்பர் 1ஆம் தேதி, புதன்கிழமை காலைவரை அவர்களில் பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வழி இருந்ததா என்றால், இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கியிருந்தேன். முப்பத்தெட்டில் பதினேழு பேர் அதில் இருந்தார்கள். அந்தப் பதினேழிலும் பல எண்கள் அப்பாவுடையவை. அப்பா தறிக்கூடத்திலோ லோடு வண்டியிலோ இருப்பார், போன் அவர் சட்டைப்பையில் இருக்கும். காலையில் ஒரு யூடியூப் காணொளியின் இணைப்பை அனுப்புவேன். கல்வி தொலைக்காட்சியில் எத்தனை மணிக்கு என்ன பாடம் என்று அட்டவணையை அனுப்புவேன். நீல நிற டிக் விழுந்தால் பாடம் நடந்துவிட்டது என்று கணக்கு. மீதி இருபத்தொரு பேரில் பலரின் வீடு என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இந்த ஊர் அப்படி ஒன்றும் பெரிய ஊர் இல்லை. சாயங்காலம் கோயிலைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறவன் நான். இன்னும் நாலு தெரு தள்ளி நடந்திருந்தால் போதும்.

நடக்கவில்லை. அந்த மாதங்களில் நான் வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதக் கை தயங்குகிறது. சம்பளம் ஒன்றாம் தேதி ஒழுங்காக வந்தது. 'வாத்தியாருக்கு என்ன, வீட்டுல இருந்தே சம்பளம்' என்று டீக்கடையில் பேசுவார்கள், எனக்குக் கோபம் வரும். நாங்கள் புத்தகம் கொடுக்கவில்லையா, சத்துணவு அரிசியும் பருப்பும் அளந்து கொடுக்கவில்லையா என்று சண்டைக்குப் போவேன். வீட்டுக்கு வந்து மாடிச் சுவருக்குக் குழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டே மறுகையால் குழுவுக்கு இணைப்பு அனுப்புவேன். கொத்தனாரோடு கையாளாக இரண்டு பையன்கள் வந்தார்கள். மீசை அரும்பாத முகம். டீ வாங்கிக் கொடுத்தேன். எந்த ஸ்கூல், என்ன வகுப்பு என்று கேட்கவில்லை. கேட்டால் மறுநாள் அவர்களை அனுப்ப வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்ல வேண்டிவரும். கான்கிரீட் போட நாள் குறித்தாயிற்று.

சரி, செப்டம்பர் 1.

படம் எடுக்க வந்தவர் ஒன்பதரைக்கே கிளம்பிவிட்டார். ரோஜாவும் தீர்ந்துவிட்டது. ஓர் அறைக்கு இருபது பேர்தான் என்று விதி. பெஞ்சுக்கு இருவராக உட்காரவைத்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பத்தேகால் இருக்கும், வாசலில் ஒருவன் நின்றான். கழுத்துவரை முடி. கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நாலு விரல் ஏறியிருந்தது. பத்தாம் வகுப்பில் தைத்ததாக இருக்கும், ஆள் வளர்ந்துவிட்டான். தலைமுடியில், புருவத்தில்கூட, பஞ்சுத் தூசி வெள்ளையாக ஒட்டியிருந்தது. இந்த ஊரில் அதைப் பார்த்ததும் எவருக்கும் விளங்கும், நேராகத் தறிக்கூடத்திலிருந்து வருகிறான் என்று. இரவு ஷிப்ட் ஓட்டிவிட்டு, முகம் கழுவாமல்கூட, பள்ளி திறக்கிறது என்று ஓடிவந்திருக்கிறான்.

எனக்கும் விளங்கியது. நான் கேட்டது இது: "என்னல, இதுவும் ஆன்லைன் கிளாஸ்னு நெனச்சியா? நெனச்ச நேரத்துக்கு வாற?"

வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வகுப்பு என் பேச்சுக்குச் சிரிக்கிறது என்பதில் எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. முடி வெட்டிக்கொண்டு நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பினேன்.

இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவன் அத்தோடு வரவில்லை என்று கதை முடியும் என நினைப்பீர்கள். அவன் மறுநாள் ஒட்ட வெட்டிய தலையோடு ஒன்பது மணிக்கே வந்து நின்றான். அதன் பிறகும் வந்தான். அந்த மாதங்களில் என் வகுப்பில் தூங்கிவழியாத நாளில்லை, ஆனால் வந்தான். ஒரே அடியில் அவனைத் துரத்தியிருந்தால் என் மனசாட்சி இன்னும் சுலபமாக விழித்திருக்கும். நான் செய்தது நிதானமாக நடந்தது.

பிள்ளைகள் இத்தனை காலம் கழித்து வருகிறார்கள், எடுத்தவுடன் பாடத்தில் இறங்காதீர்கள், மனம்விட்டுப் பேசவிடுங்கள், பழையதை நினைவுபடுத்துங்கள் என்றுதான் மேலிருந்தும் சொன்னார்கள். புத்தாக்கப் பயிற்சிக் கட்டகம் என்று ஒன்று வந்தது. அதை இரண்டு வாரத்தில் முடித்ததாகக் கையெழுத்துப் போட்டேன். உண்மையில் நாலு நாள். அவசரத்துக்குக் காரணம் கேட்டால் பொதுத்தேர்வு, பாடத்திட்டம், குறைந்த நாட்கள் என்று மூச்சுவிடாமல் சொல்வேன். அப்போது சொல்லவும் சொன்னேன்.

காரணம் வேறு. நாலாவது நாள் கரும்பலகையில் ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். எண்ணூறு ரூபாய்ச் சேலைக்குப் பன்னிரண்டரை சதவீதம் தள்ளுபடி, வாடிக்கையாளர் எவ்வளவு தர வேண்டும்? இருபது பேரில் மூன்று கை உயர்ந்தது. மற்றவர்கள் என்னைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தார்கள். இரண்டு பேர் பெருக்கல் வாய்ப்பாட்டை விரலில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள். எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வரவில்லை. பயம் வந்தது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் இந்த ஒன்றரை வருஷம் என்ன நடந்தது என்பது வெளியே வந்துவிடும். அவர்கள் படிக்காத கணக்கு மட்டுமா வரும்? நான் நடத்தாத கணக்கும் சேர்ந்தே வரும். கட்டகத்தை மூடி, 'அத்தியாயம் ஒன்று, கணக்கியல் ஓர் அறிமுகம்' என்று பலகையில் எழுதினேன்.

உயர்ந்த மூன்று கைகளில் ஒன்று அவனுடையது. எழுநூறு என்று பென்சிலைத் தொடாமலே சொன்னான். நான் அதைக் கேட்காதது போல முன்பெஞ்சுப் பெண்ணைச் சொல்லச் சொன்னேன்.

அந்த மாதத்தில்தான் பொருளாதார அறிஞர் ஜீன் திரேஸ் உள்ளிட்ட குழுவினரின் ஆய்வறிக்கை ஒன்று வெளிவந்தது. தமிழகம் உட்படப் பதினைந்து மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில், வறிய குடும்பங்களின் தொடக்க, நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,400 பேரிடம் கேட்டிருந்தார்கள். கிராமங்களில் இணையவழியில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 சதவீதம். அறவே படிக்காதவர்கள் 37 சதவீதம். ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "வட இந்தியாவுல அப்படித்தான் இருக்கும்" என்றேன் நான். என் வகுப்பின் பதினேழுக்கும் முப்பத்தெட்டுக்கும் சதவீதம் போட்டுப் பார்க்கத் தெரியாதவனா நான்?

இப்போது ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் முதல் வாரம். குறிப்பேட்டுப் பதிவு நடத்திக்கொண்டிருந்தேன். நடவடிக்கை நடந்தவுடன் நாள்வாரியாக முதலில் எழுதப்படுவது, அதனால் முதற்பதிவேடு என்றும் சொல்வோம், இதைத் தொலைத்தால் மற்ற ஏடுகளுக்கு ஆதாரமே கிடையாது என்று குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். போய் நோட்டைப் பிடுங்கினேன். பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதிய கணக்கு. அவன் கையால் கோடு போட்ட கட்டங்கள். தேதி, பகலா இரவா, எத்தனை தார், எத்தனை சேலை, கூலி, அம்மா வாங்கிய முன்பணம், கழித்தது, பாக்கி. ஜூன் மாதத்திலிருந்து ஒரு நாள்கூட விடாமல். சில இடத்தில் 'கரண்ட் இல்லை' என்று குறிப்பு. ஓரிடத்தில் 'பாவு அறுந்தது' என்று எழுதி, அன்றைய கூலியில் பிடித்த தொகை.

"படிக்கிற நோட்டுல என்னல இது, பெட்டிக்கடைக் கணக்கு?" என்றேன். அந்தத் தாளைக் கிழித்தேன். ஒரு தாள்தான், இரண்டு பக்கம். நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மணி அடித்து எல்லாரும் போன பிறகு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சார், அந்தத் தாள எடுத்துக்கிடட்டா சார்?" என்று கேட்டான். இதற்காவது சரி என்று சொல்லியிருக்கலாம். "போய் பாடத்தை எழுதுற வழியப் பாரு" என்றேன். மறுநாள் காலையில் கூடை காலியாக இருந்தது. பள்ளிக்குப் பின்னால் குப்பையை எரிக்கிற இடத்தில் அவன் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.

காரணம் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவன் பெஞ்சில் உட்காரும் பையன் சொல்லி. மே மாதம் இரண்டாவது அலையில் அப்பா படுத்துவிட்டார். தறி முதலாளியிடம் அம்மா முன்பணம் வாங்கியிருக்கிறாள். அதைக் கழிக்கத்தான் இவன் இரவு ஷிப்ட். தீபாவளிக்கு முன் கணக்குப் பார்த்தபோது முதலாளியின் சிட்டையில் பாக்கி கூடுதலாக இருந்திருக்கிறது. இவன் தன் கணக்கைக் காட்ட வேண்டும். காட்ட ஏடு இல்லை. வித்தியாசம் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். எத்தனை இரவு என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

அந்தப் பையன் இதைச் சொன்னபோது நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். "அப்படியா" என்றேன். அவனைக் கூப்பிட்டுப் பேசவில்லை. முதலாளியைப் போய்ப் பார்க்கவில்லை. 'நான் ஆசிரியர், அந்த ஏட்டை நான் பார்த்தேன், நாள் தவறாமல் எழுதியிருந்தான்' என்று ஒரு வார்த்தை போய்ச் சொல்லியிருந்தால் அந்த அண்ணாச்சி மதித்திருப்பார். இந்த ஊரில் வாத்தியார் பேச்சுக்கு இன்னும் மரியாதை உண்டு. அந்த மரியாதை குறையுமே என்றுதான் போகவில்லை.

இந்த இடத்தில் பாடத்தை ஒரு நிமிடம் நடத்தியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இருப்பாய்வு போடும்போது பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒத்துவர வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் எங்கோ பிழை. பிழையைத் தேட நேரமில்லாதபோது வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கு என்ற தலைப்பில் எழுதி, கூட்டலை ஒப்பேற்றிவிடலாம். அது தற்காலிக ஏற்பாடு. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி அந்தக் கணக்கை முடிக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் அனாமத்தில் தள்ளியவுடன் ஏடு பார்க்க அழகாகிவிடும். அந்த அழகில் பல பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள்.

என் அனாமத்துக் கணக்கில் அவன் மட்டும் இல்லை. செப்டம்பரில் வராதவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருத்தி, பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்திருப்பாள் என்று எல்லாரும் சொன்ன பெண். கோவில்பட்டியில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள், அடுத்த மாதம் வருவாள் என்று தோழிகள் சொன்னார்கள். நம்பினேன். அந்தத் தோழிகள் சொல்லும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் கவனித்தேன். குழந்தைகள் உதவி எண்ணான 1098 என் வகுப்புச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. பொங்கலுக்கு முன்னால் பூச்சந்தையில் பிச்சிப்பூ வாங்கப் போனபோது அவளைப் பார்த்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசு மாறாமல் இருந்தது. "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்டாள். நல்லா இருக்கேம்மா என்றேன். வயது பதினாறு.

2022 ஜனவரியில் ஒமிக்ரானுக்காக மறுபடி மூடினார்கள். பிப்ரவரி 1ஆம் தேதி திறந்தபோது அவன் வரவில்லை. வராதது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. குப்பைக்கூடைப் பக்கம் அவன் பார்வை போவதை இனிப் பார்க்க வேண்டாம் அல்லவா.

பெயரை நீக்கவும் இல்லை. நீக்கினால் இடைநிற்றல் என்று பதிய வேண்டும், ஏன் என்று எழுத வேண்டும், வீட்டுக்குப் போனதற்குச் சான்று வேண்டும். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் பணியாளர் நிர்ணயத்தில் உபரி ஆசிரியர் என்று ஒருவரை வெளியூருக்குத் தூக்கிவிடுவார்கள், அது நானாகவும் இருக்கலாம். ஆக, பெயர் இருந்தது. சில நாட்களில் அவன் பெயருக்கு நேரே 'வந்தான்' என்றும் பதிந்தேன். எத்தனை நாள் என்பதை மறைக்க விரும்பவில்லை: பிப்ரவரியில் ஆறு, மார்ச்சில் ஒன்பது. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு கட்டத்தைத் தொடும் வேலை. விரலுக்கு வலிக்கவே இல்லை.

இன்னொன்றும் எனக்கு உதவியது. பதினான்கு வயது தாண்டியவனைச் சட்டம் தேடுவதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயதுவரை. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி எட்டாம் வகுப்புவரை. பதினாறு வயதில் தறி ஓட்டுகிறவனை வாசல் தேடிப் போய்க் கூப்பிட இந்த நாட்டில் மிஞ்சியிருந்தவர் வகுப்பாசிரியர் ஒருவர்தான். அந்த ஆள் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2022 மே மாதம் நடந்தது. அவன் எழுதவில்லை. பதினொன்றில் தவறினாலும் பன்னிரண்டுக்குப் போகலாம் என்பது அப்போதைய விதி. பெயர் பன்னிரண்டுக்குப் போயிற்று, ஆள் இல்லாமல். பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுத்தவன் நான். நுழைவுச்சீட்டுகூட வந்தது. மேசை டிராயரில் கிடந்தது.

2023 மார்ச் 13, திங்கள்கிழமை. பன்னிரண்டாம் வகுப்பு மொழிப்பாடத் தேர்வு. எனக்கு வேறொரு பள்ளியில் அறைக் கண்காணிப்பு. இருபது மேசையில் மூன்று காலி. அடுத்த அறையிலும் காலி. மறுநாள் பத்திரிகை முழுக்க அதே செய்தி: மாநிலம் முழுவதும் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் தேர்வுக்கு வரவில்லை. சட்டமன்றம்வரை பேச்சு போனது. கொரோனாக் காலத்தில் தேர்வின்றித் தேர்ச்சி பெற்றுவந்த பிள்ளைகள் என்று அரசுத் தரப்பில் காரணம் சொன்னார்கள். டீக்கடையில் ஆளுக்கொரு விளக்கம். தமிழ்ப் பரீட்சைக்கே பயமா, செல்போனால் வந்த வினை, கஞ்சா என்றெல்லாம். நான் தலையாட்டிக்கொண்டு டீ குடித்தேன். அந்த 50 ஆயிரத்தில் ஒரு பெயர் எப்படி அந்தப் பட்டியலில் ஏறியது, அந்த மேசை ஏன் காலியாக இருந்தது என்பது அந்தக் கடையில் எனக்கு மட்டும் தெரியும். யாராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன்.

வராதவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து ஜூன் துணைத்தேர்வுக்கு அழைத்துவரச் சொன்னார்கள். அப்போதுதான் போனேன். அந்தத் தாளைக் கிழித்துப் பதினெட்டு மாதம் கழித்து, மேலிடத்து உத்தரவோடு, கையில் படிவத்தோடு. என் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம். மணி பார்த்துக்கொண்டேதான் நடந்தேன்.

அவன் அம்மா திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே ஓடி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். "அவன் எம்பேச்சக் கேக்க மாட்டேங்கான் சார். நீங்க சொன்னாத்தான் கேப்பான். ஒங்க மேல அவனுக்கு அம்புட்டு மரியாத. பரீச்ச எழுதிப் பாஸாயிட்டாம்னா ஆடிச்சுத்து நூத்தியெட்டு சுத்துதேம்னு அம்பாளுக்கு நேந்திருக்கேன்" என்றாள். ஆடித்தபசுக்குக் கொடியேறியதிலிருந்து கோமதி அம்மன் கோயிலைச் சுற்றுகிறவர்களை நானும் வருஷா வருஷம் பார்க்கிறேன். உச்சி வெயிலில் காலில் செருப்பில்லாமல். என்மேல் மரியாதை என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அந்தத் தாளைப் பற்றி வீட்டில் சொல்லவே இல்லை.

தறிக்கூடம் தெருமுனையில். சத்தத்தில் பேச முடியாது என்று வெளியே வந்தான். ஆள் என்னைவிட உயரமாகிவிட்டான். டீக்கடைக்குக் கூட்டிப்போய், வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் இரண்டு டீ, ஒரு வடை சொன்னான். "நீங்க என்னத்துக்கு சார் இந்த வெயில்ல அலையுதீக" என்றான்.

துணைத்தேர்வு, கட்டணம், கடைசித் தேதி, பதினொன்றாம் வகுப்புப் பாடங்களையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று ஒப்பித்தேன். அவன் கேட்டுக்கொண்டான். இடையில், எப்படியோ வாயைத் திறந்து, "அன்னைக்கு அந்தக் கணக்கு..." என்று ஆரம்பித்தேன். "அது அப்பவே முடிஞ்சிட்டு சார். அண்ணாச்சி பாதி தள்ளிட்டாரு" என்றான். மீதிப் பாதி ஆயிரத்து நூற்று எழுபது. என் கை சட்டைப்பைக்குப் போனது. பணம் இருந்தது. எடுத்து நீட்டினால், எதற்கு என்று சொல்ல வேண்டும். டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பேர் என் பழைய மாணவர்கள். கையை வெளியே எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். மன்னிச்சிருப்பா என்று சொல்லவும் இல்லை. அதைச் சொல்ல அந்த நாலு பேரும் தடையில்லை. தனியாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

தேர்வைப் பற்றி யோசிக்கிறேன் என்றான். எழுதவில்லை என்பது ஜூனில் தெரிந்தது. கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தான். இப்போது தன்னுடையதோடு, கூட வேலை பார்க்கும் மூன்று பேரின் கணக்கையும் அவன்தான் எழுதுகிறானாம். "ஒரு சந்தேகம் சார். முதலாளிட்ட வாங்குன அட்வான்ஸ அவர் பேருக்குப் பத்துல எழுதணுமா, வரவுல எழுதணுமா? நான் ஒரு மாதிரி எழுதுதேன், இவனுவ வேற மாதிரி சொல்லுதானுவ."

இத்தனை வருஷத்தில் ஒரு மாணவன் என்னிடம் கேட்ட கேள்விகளில் இவ்வளவு நேரான கேள்வி வந்ததில்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. டைரியை வாங்கிப் பேனாவை எடுத்து, வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன். "பெறுபவர் பற்று, தருபவர் வரவு. பணத்த வாங்குறவன் யாரு, வேலைக்காரன். அப்போ பற்று. பற்றுலதான் எழுதணும்." கோடு போட்டு ஒரு பதிவும் எழுதிக் காட்டினேன். அவன் தான் எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், "சரி சார்" என்றான். டைரியைப் பையில் வைத்துக்கொண்டு தறிக்கு ஓடினான்.

கோயில் வாசல் தாண்டி வரும்போதுதான் உறைத்தது. நான் சொன்னது முதலாளியின் ஏட்டில் எழுதும் முறை. அங்கேதான் முன்பணம் வாங்கியவன் பேருக்குப் பற்று. அவன் கையில் இருப்பது அவனுடைய ஏடு. அதில் பணம் தந்தவர் முதலாளி, அவர் பேருக்கு வரவு வைக்க வேண்டும். அவன் முதலில் எழுதியிருந்ததுதான் சரி.

திரும்பிப் போய்ச் சொல்லப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். இன்னும் போகவில்லை.